கண்டியின் காவலும் மலைவழிகளும்

கண்டி மாநகரை மகாவலி கங்கை மூன்று புறத்தும் வளைந்து ஓடுகின்றது. அதன் கீழ்க்கரையிலே பல்லேகல, குண்டசாலை முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட தும்பறைப் பள்ளத்தாக்குப் பரந்து கிடக்கின்றது. அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் அரண்போல எழுந்து நிற்கின்றது. இந்நில அமைப்பினை உணராதார்க்குக் கண்டி இராச்சியத்தின் வரலாறு விளங்குதல் அரிது. 1505 இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரும், அவர்பின் வந்த ஒல்லாந்தரும் கரைநாட்டைக் கைக்கொண்டனர். எனினும் 1815 வரையும் கண்டி அரசு பணியவில்லை. பீரங்கியும் கப்பலும் உடையாரை அவை இல்லாதார் இத்துணைக் காலம் தடுத்து நிறுத்தியது எவ்வாறு?

இவ்வினாவிற்கு விடை மலைவழிகளிலே உள்ளது. 1660 இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் 1681 இல் வெளியிட்ட நூலில் அவ்வழிகளை விரித்துரைக்கின்றார். ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகள் அவை. அவற்றை அகலப்படுத்த அரசன் இடந்தரவில்லை. கணவாய்கள்தோறும் முட்கதவுகள் இருந்தன, காவலரும் இருந்தனர். வழிச்செல்வோர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டல் வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதனின் உருவமும், கூலியாளுக்குச் சுமை சுமந்த மனிதனின் உருவமும், வெள்ளையனுக்குத் தொப்பியணிந்து வாள் தரித்த உருவமும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். கண்டி வீரன் தாளிப்பனை ஓலையொன்றைக் கையிற் கொண்டு செல்வான். மழையில் அதுவே அவனுக்குக் கூடாரம். அவனுடைய சுமை சிறிது. ஆதலால் அவன் விரைந்து ஏறவும் இறங்கவும் வல்லவனாயிருந்தான்.

பகைவர் நிலை இதற்கு மாறானது. அவர்கள் கண்டியை அடைதல் அத்துணைக் கடினமாக இருக்கவில்லை. அரசன் நகரைக் காலிசெய்து அங்குராங்கெத்தை முதலிய மலையூர்களுக்குச் சென்றுவிடுவான். வெறுமையான நகரிற் புகுந்த படை உணவின்றித் திரும்ப நேரும். திரும்பும் வழியிலேதான் அழிவு காத்திருந்தது. 1594 இல் தந்துறையிலும், 1630 இல் ரந்தெனிவெலவிலும், 1638 இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் மீளும்போதே சூழப்பட்டு அழிந்தன. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைப் பிடித்தும் அதனைக் காத்துக்கொள்ள இயலாது அவ்வாண்டிலேயே வெளியேறினர்.

ஆங்கிலேயரும் இப்பாடத்தை இழப்பின் வாயிலாகவே கற்றனர். 1803 தொடக்கத்தில் அவர்கள் கண்டியிற் புகுந்து முத்துசாமி என்பாரை அரசராக்கினர். பருவமழையும் காய்ச்சலும் காவற்படையை நலித்தன. யூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்து, முத்துசாமியுடன் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். வட்டப்புளுவை அருகே மகாவலி வெள்ளம் பெருகி வழியை மறித்தது, கடக்க இயலவில்லை. முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். படையினரும் கொல்லப்பட்டனர். டேவி சிறையிலிருந்து கண்டி நாட்டிலேயே மாண்டார்.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு பயணம் இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. பல திசைகளினின்றும் படைகளைக் கண்டியிற் கூட்டத் தேசாதிபதி நோத் திட்டமிட்டார். பின்னர் அதனைக் கைவிட்டார். கட்டளையின் மாற்றத்தை வேறாக விளங்கிக்கொண்ட கப்டன் ஜோன்ஸ்ரன் ஏறத்தாழ 300 பேருடன் 1804 செப்டெம்பர் பிற்பகுதியில் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டார். ஐரோப்பியரும் மலாயரும் சிப்பாய்களும் அப்படையில் இருந்தனர். காடுகளைக் கடந்து மலையேறி ஒற்றோபர் 6 ஆந் திகதி அவர் கண்டியிற் புகுந்தார். அங்கே வேறு படை எதனையும் காணவில்லை. தாம் தனித்துவிட்டதை உணர்ந்து, சில நாளில் திருகோணமலைக்கு மீளத் துணிந்தார். மறைந்திருந்து சுடுவோர் ஒருபால், சுமை தூக்குவோர் விட்டோடியமை ஒருபால், மழையும் பிணியும் ஒருபால் வருத்தின. எனினும் ஏறத்தாழ ஒரு திங்களில் மட்டக்களப்பு, கண்டி, திருகோணமலை என்னும் மூவிடத்தையும் இணைத்த அந்நெடும்பயணம் முடிவுற்றது. கந்தலுடன் வந்துசேர்ந்தோரிற் பலர் மருத்துவமனையையே அடைந்தனர். இவ்வரலாற்றை அவரே எழுதி 1810 இல் வெளியிட்டார்.

டேவியின் படை அழியவும் ஜோன்ஸ்ரன் படை மீளவும் காரணம் யாது? வீரத்தின் ஏற்றத்தாழ்வென்று கூறுதல் பொருந்தாது. முன்னது நான்கு மாதம் மலைநகரிற் கிடந்து பிணியால் மெலிந்தபின் புறப்பட்டது, ஆயுதத்தையும் கைவிட்டிருந்தது. பின்னது இயங்கிக்கொண்டே இருந்தது. எதிரி முழுவதும் திரளுமுன் நகரை விட்டு நீங்கியது. மலைவழியிலே தங்குதலும் தாமதமும் படைக்கலத்தினும் கொடியவை. இன்று மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடுதல் ஒரு விளையாட்டாகவே வளர்ந்துள்ளது. ஐரோப்பாவில் மொன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடைபெறும் ஓட்டம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரமுடையது. ஏற்றத்தில் மூச்சும், இறக்கத்தில் முழங்காலும் சோதிக்கப்படுமென்பதை அதில் ஓடுவோர் அறிவர். பசியும் சுமையும் பகையும் உடன் வர, இவ்விரண்டையும் தாங்கியோரே அன்றைய வீரர்.

1815 இல் ஆங்கிலேயர் மீண்டும் பல திசைகளினின்றும் படை செலுத்தினர். இம்முறை கண்டிப் பிரதானிகள் அரசனிடத்து வெறுப்புற்றிருந்தனர், வழிகள் திறந்துகிடந்தன. கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் தும்பறை வழியே கிழக்கு நோக்கிச் சென்று, பெப்புருவரி 18 ஆந் திகதி மெதமகாநுவர அருகே பிடிபட்டான். முன்னோரைக் காத்த அதே மலைகள் அவனைக் காக்கவில்லை. வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832 இல் அங்கே இறந்தான்.

வெற்றிபெற்றோர் முதலிற் செய்த பெரும்பணி தெரு அமைத்தலே. தேசாதிபதி பாண்ஸ் காலத்திற் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு உருவாயிற்று. 1867 இற் புகையிரதமும் கண்டியை அடைந்தது. முட்கதவைக் கொண்டு நாட்டைக் காத்த காலம் அத்துடன் ஒழிந்தது. இன்று பல்லேகல ஊடாகக் கிழக்கே செல்லும் தெருவில் மெதமகாநுவரவை ஒரு காலைப்பொழுதில் அடைந்துவிடலாம். மலைகள் மாறவில்லை, அவற்றைக் கடக்கும் காலமே குறைந்தது. எனினும் 1815 இல் நாடு வீழ்ந்தது தெரு அமையுமுன்னரே என்பதை மாணவர் மறத்தலாகாது. மலையரண் அழியாதிருந்தபோதே, அதனைக் காத்த மக்களின் ஒற்றுமை அழிந்திருந்தது.