கடற்பசுக் கமிட்டியில் யாருக்கு நாற்காலி?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பையனுக்கு ஊர் மல்லிப்பட்டினம், அப்பா நாட்டுப்படகு மீனவர். ஒரகடம் சிப்காட்டில், காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பெயின்ட் ஷாப் வேலை. சேர்ந்த முதல் வாரம் முழுக்கப் பயிற்சிதான்: மஞ்சள் கோட்டைத் தாண்டாதே, தீயணைப்பானின் ஊசியை இப்படி இழு. போன மாதம் பாதுகாப்புக் கமிட்டியில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அதைச் சொல்ல வந்தவன் கேட்டான்: "எங்க ஊர்ப் பக்கம் கடற்பசுவுக்கும் கமிட்டி போடணும்னு சட்டம் இருக்காமே அண்ணே, அதுல எங்க அப்பா உக்கார முடியுமா?"

வாசகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பாக் விரிகுடா கடற்பசுப் பாதுகாப்பகம் 2022 செப்டம்பர் 21-இல் அறிவிக்கப்பட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர். இந்த விலங்குக்கென்றே நாட்டில் ஒதுக்கப்பட்ட முதல் இடம். அதன் வேர், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தம் செருகிய 36ஏ, 36பி பிரிவுகள். அன்று எழுதப்பட்ட வாசகத்தைத் தமிழாக்கித் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

"உள்ளூர் மக்களோடு கலந்தாலோசித்த பின்." இதில் 'பின்' என்பதுதான் முக்கியம். முதலில் பேச்சு, பிறகுதான் அறிவிப்பு. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது இப்படியொரு சொல் சட்டத்திலேயே இல்லை. அம்மாவும் பாட்டியும் மூழ்கிப் பாசி எடுத்த அதே தண்ணீரில், மகள் குற்றவாளி ஆனாள். ஆனால் எப்படிக் கலந்தாலோசிப்பது என்று 36ஏ சொல்லவில்லை. ஒரு பேனர், ஒரு மைக், வருகைப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்து. இதுவும் ஆலோசனைதான் என்று யாராவது வாதாடலாம்.

"நிலக்காட்சி, கடற்காட்சி, தாவரம், விலங்கு, அவற்றின் வாழிடம்." கடலுக்கென்று ஒற்றைச் சொல். மற்றதெல்லாம் கரையில் நின்று எழுதியது.

அடுத்து, சரணாலயங்களுக்கான சில விதிகள் இங்கேயும் "இயன்றவரை" பொருந்தும் என்கிறது. வெடியும் விஷமும் கூடாது. உள்ளே வசிக்கும் எவரும் குற்றத்தைத் தடுக்க வேண்டும்; விலங்கு இறந்தால் தகவல் சொல்லி, அதிகாரி வரும்வரை உடலைக் காவல் காக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் உள்ளே 'வசிப்பவர்' யார்? கடற்புல் மேயும் கடற்பசு மட்டும்தான்! மீனவர் வருவார், வலை போடுவார், போய்விடுவார். அவர் வலை போடுவதற்கு இந்தப் பட்டியலில் பொதுவான தடை ஏதும் இல்லை. கரையில் பலருக்கு இது தெரியாததால்தான் பாதுகாப்பகம் என்றதும் பதறுகிறார்கள்.

இனி 36பி. பையனின் கேள்விக்கு இங்கேதான் பதில். குழுவில் வனத்துறையிலிருந்து ஒருவர், அவரே உறுப்பினர் செயலர். "பாதுகாப்பகம் எந்தக் கிராம ஊராட்சிகளின் எல்லைக்குள் அமைகிறதோ, அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர்." கண்டிப்பாகப் படித்தால் சிக்கல். ஊராட்சியின் எல்லை கரையோடு நின்றுவிடுகிறது, பாதுகாப்பகமோ தண்ணீரில் இருக்கிறது. அதிராம்பட்டினம் நகராட்சி, ஆகவே அது கணக்கிலேயே வராது. மீனவர் குப்பத்தில் வழக்கைத் தீர்க்கும் ஊர்ப் பஞ்சாயத்தும் ஜமாத்தும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறகு வன உயிரினத் துறையில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு மூன்று இடம். கடைசியாக, வேளாண் துறைக்கு ஒன்று, கால்நடைத் துறைக்கு ஒன்று.

மீன்வளத் துறை இல்லை. மீனவர் என்ற சொல்லும் இல்லை. கடற்பசு என்ற பெயரைப் பார்த்துக் கால்நடைத் துறையைச் சேர்க்கவில்லை. மேய்ச்சல் நிலத்தை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் அப்படியே கடலுக்கு வந்துவிட்டது. ஒரகடத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் சேர்த்த 41ஜி பிரிவு, அபாயமான வேலை நடக்கும் ஆலையின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளரும் நிர்வாகமும் சரிபாதி என்றது. மகனுக்குப் பெயின்ட் புகைக்குள் பாதி இடம், அப்பனுக்குக் கடலில் பெயர்கூட இல்லை.

"ஆலோசனை கூற." யாருக்கு? தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. முடிவு அவருடையது. பயிற்சி என்ற சொல்லை இந்த இரண்டு பிரிவிலும் தேடினேன், இல்லை. நடைமுறையில் இந்திய வன உயிரின நிறுவனம் வன ஊழியருக்கும் மீனவருக்கும் சொல்லித் தருகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடும் விலங்கு கடற்பசு. திருக்கை வலையில் சிக்கினால் மூழ்கியே சாகும். வலையை அறுத்து அதை விட்டவர்களுக்கு வனத்துறை வெகுமதி தந்திருக்கிறது. எந்த இடத்தில், எந்த நீரோட்டத்தில் அது மேய வரும் என்பதைப் பற்றி அந்த மீனவர்தான் வகுப்பெடுக்க வேண்டும்.

"குழு தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம்." நான் பிடித்துக்கொண்ட வரி இதுதான். சிறப்பு அழைப்பாளராக உங்கள் அப்பாவை உட்கார வைக்க இதில் வழி இருக்கிறது என்றேன். பையன் உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"கூப்பிட்டா வர்றேன்டா. ஆனா எங்க நாள்ல மீட்டிங் வச்சா யாரு வருவா? திங்கள், புதன், சனி விசைப்படகு நாளு, நாங்க கரையில கெடப்போம். அன்னிக்கு வைக்கச் சொல்லு."