ஒரு கிலோ பென்னி

பழைய பிரிட்டிஷ் பென்னிகளை எடை போட்டு மொத்தமாக விற்பார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 106 காசு நிற்கும். 1860-இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியபோது ராத்தலுக்கு 48 பென்னி என்று வைத்த கணக்கு அது. கடைசி வரை மாறவில்லை.

குவியலைக் கொட்டியதும் எல்லோரும் தேடுவது 1933-ஐத்தான். நானும் தேடுவேன், கிடைக்காது என்று தெரிந்தே! அந்த வருடம் வங்கிகளிடம் பென்னி போதுமான அளவு இருந்தது. அதனால் புழக்கத்துக்கு அடிக்கவில்லை. அருங்காட்சியகத்துக்கும் கட்டட அஸ்திவாரத்தில் வைக்கவும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அடித்தார்கள்.

கிடைக்கக்கூடியவை 1918, 1919. வருடத்துக்கு இடது பக்கம் 'எச்' அல்லது 'கேஎன்' இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேவை கூடியதால் ராயல் மின்ட் பர்மிங்காமின் ஹீட்டன், கிங்ஸ் நார்ட்டன் என்ற தனியார் ஆலைகளிடமும் வேலை கொடுத்ததன் அடையாளம் அது.

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இது சட்டென்று புரியும். சில்லறை தட்டினால் கேட்டு வாங்குவோம், தேங்கினால் நிறுத்துவோம். 1951 வருடம் போட்டவை 1,20,000 மட்டுமே. 1967 போட்டவை 65 கோடிக்கும் மேல். எந்தக் காசு அபூர்வமாகும் என்பதைக் கையிருப்புக் கணக்கு முடிவு செய்திருக்கிறது.

'யாரும் தொடாத மூட்டை' என்று கூடுதல் விலை சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள். மூட்டை பிரிக்கப்படவில்லை என்பதற்கு எந்த ரசீதும் கிடையாது.

லாபம் இருக்கிறதோ இல்லையோ, முகம் தேய்ந்த விக்டோரியா பென்னி நிச்சயம் வரும். 1971 ஆகஸ்ட் 31 வரை அதுவும் செல்லுபடியான காசு. நூறு வருடம் எத்தனை கல்லாப்பெட்டி பார்த்திருக்கும்!

அணா பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கதை தானாக வரும்.