இரவு நிலத்தோற்ற ஒளிப்படங்களில் குவிய அடுக்கல்

குவிய அடுக்கல் என்பது, ஒரே காட்சியை வெவ்வேறு தூரங்களில் குவியப்படுத்திப் பல ஒளிப்படங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதிகளை மட்டும் இணைத்து ஒரே படமாக்கும் முறையாகும். நுண்ணோக்கிப் படங்களிலும் பூச்சி, பூ ஆகியவற்றின் அண்மைப் படங்களிலும் பரவலாகப் பயன்படும் இம்முறை, காட்டுப்பூக்கள் நிறைந்த நிலத்தையும் அதன் மேலுள்ள விண்மீன்களையும் ஒருங்கே காட்டும் இரவுப் படங்களிலும் பயன்படுகிறது. இத்தகைய படத்தில் பூ வில்லையிலிருந்து 30 செ.மீ தொலைவில் இருக்கலாம். விண்மீன்களோ முடிவிலியில் உள்ளன. இரண்டையும் ஒரே பதிவில் தெளிவாகப் பெறுவது இரவில் மிகக் கடினமாகும்.

தேவை

ஒரு படத்தில் தெளிவாகத் தெரியும் தூர எல்லை புல ஆழம் எனப்படுகிறது. வில்லையின் துவாரத்தைச் சுருக்கினால் புல ஆழம் கூடும். ஆனால் ஒளி குறையும். 35 மி.மீ படச்சுருள் அளவுள்ள உணரியில், 20 மி.மீ குவியத் தூரமுடைய வில்லையை எஃப்/2.8 துவாரத்தில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தெளிவின்மை வட்டத்தை 0.03 மி.மீ எனக் கொண்டால், 4.8 மீட்டரில் குவியப்படுத்தும்போது 2.4 மீட்டர் முதல் முடிவிலி வரை தெளிவாக இருக்கும். 30 செ.மீ தொலைவிலுள்ள பூ மங்கிவிடும்.

பூவும் தெளிவாக வேண்டுமெனில் துவாரத்தை எஃப்/22 அளவுக்குச் சுருக்க வேண்டும். அப்போது ஒளி ஏறத்தாழ 60 மடங்கு குறையும். 20 நொடிகளில் பதியக்கூடிய வானத்துக்கு 20 நிமிடங்கள் தேவைப்படும். புவியின் சுழற்சியால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுவதால், 20 நிமிடங்களில் அது 5 பாகை நகர்ந்துவிடும். இது முழுநிலவின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு. விண்மீன்கள் புள்ளிகளாகத் தெரியாமல் நீண்ட கோடுகளாகப் பதியும். எனவே துவாரத்தைத் திறந்தே வைத்து, புல ஆழத்தைப் பல படங்களின் வழியாகப் பெறுகின்றனர்.

வரலாறு

பல குவியப் படங்களைக் கணினி மூலம் இணைத்துப் புல ஆழத்தைக் கூட்டும் முறையை ஆர். ஜே. பைப்பர், ஏ. கோர்ப்பெல் ஆகியோர் 1983 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். 2008 இல் வெளியான ஃபோட்டோஷாப் சிஎஸ்4 மென்பொருளில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. ஹெலிகான் ஃபோக்கஸ், செரீன் ஸ்டாக்கர் ஆகியன இதற்கெனவே உருவாக்கப்பட்ட மென்பொருட்கள். 2017 இல் வெளியான நிக்கான் டி850 போன்ற ஒளிப்படக்கருவிகள், குவியத்தைப் படிப்படியாகத் தாமே நகர்த்திப் படமெடுக்க வல்லவை.

செய்முறை

1. ஒளிப்படக்கருவி முக்காலியில் தாழ்வாகப் பொருத்தப்படுகிறது. இறுதிப் படம் எடுத்து முடியும் வரை முக்காலி அசைக்கப்படுவதில்லை.
2. கதிரவன் மறைந்தபின் எஞ்சியுள்ள அந்தி ஒளியில், அண்மையிலுள்ள பூவிலிருந்து தொலைவிலுள்ள மலை வரை குவியம் சிறிது சிறிதாக நகர்த்தப்பட்டு நிலம் படமெடுக்கப்படுகிறது. மேற்கண்ட 20 மி.மீ வில்லைக்கு எஃப்/2.8 துவாரத்தில் குறைந்தது 8 படங்கள் தேவை. அடுத்தடுத்த படங்களின் தெளிவான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமாதலால் 10 முதல் 12 வரை எடுப்பது நன்று.
3. கதிரவன் தொடுவானுக்குக் கீழே 18 பாகை இறங்கி வானம் முற்றிலும் இருண்டபின், ஒளிமிக்க விண்மீன் ஒன்றில் கையால் குவியப்படுத்தி வானம் தனியே படமெடுக்கப்படுகிறது.
4. நிலப் படங்கள் மென்பொருளில் இணைக்கப்பட்டு, அதன்பின் வானம் சேர்க்கப்படுகிறது.

வானத்தை ஒரே நிலையில் பல முறை எடுத்துச் சராசரி காண்பதும் அடுக்கல் என்றே அழைக்கப்படுகிறது. அதன் நோக்கம் வேறு: அது படத்தின் இரைச்சலைக் குறைக்கிறது. 16 படங்களின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

சிக்கல்கள்

காற்று முதன்மையான இடர் ஆகும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பூ அசைந்தால், இணைத்த படத்தில் இதழ்கள் இரட்டையாகத் தெரியும். அந்தி ஒளியில் எடுப்பதன் முதற்பயன் இதுவே. சில நொடிகளில் ஒவ்வொரு படமும் முடிந்துவிடும். நிலவில்லாத இருளில் ஒரு நிலப் படத்துக்கே சில நிமிடங்கள் ஆகலாம்.

குவியத்தை மாற்றும்போது பொருளின் உருவளவும் சற்று மாறுவதால், இணைக்குமுன் படங்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். விண்மீன்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், வானத்தைக் குவிய அடுக்கலில் சேர்த்தால் ஒரே விண்மீன் பல இடங்களில் தோன்றும். பூ வானத்தின் குறுக்கே நின்றால் மற்றொரு குறை ஏற்படுகிறது: வானத்துக்குக் குவியப்படுத்திய படத்தில் பூவின் மங்கிய உருவம் பெருத்து, சுற்றியுள்ள விண்மீன்களை மறைக்கும். இணைத்தபின் அவ்விடம் ஒரு வளையமாகத் தெரியும். பூக்கள் தொடுவானுக்குக் கீழேயே அமையும்படி காட்சியைத் தேர்ந்தால் இதனைத் தவிர்க்கலாம்.

எடுத்துக்காட்டு: ரெய்னியர் மலை

ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் உள்ள ரெய்னியர் மலை (4,392 மீ) 1899 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. இதன் உயர்மலைப் புல்வெளிகளில் லூப்பின் முதலிய பூக்கள் பெரும்பாலும் சூலை இறுதி முதல் ஆகத்து நடுப்பகுதி வரை பூக்கின்றன. அக்காலத்தில் அங்கு கதிரவன் மறைந்து வானம் முற்றிலும் இருள இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். அதுவரை முக்காலி அசையாதிருக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்து வானமும் மாறும். தெற்குச் சரிவிலுள்ள பாரடைசு பகுதியிலிருந்து மலை வடக்கே தெரிவதால், அதன் பின்னே துருவ விண்மீனைச் சுற்றும் விண்மீன்களே அமையும். வடகிழக்கிலுள்ள சன்ரைசு பகுதியிலிருந்து மலை தென்மேற்கே தெரிகிறது. கோடை இரவில் பால் வழி அத்திசையில் தோன்றும்.

மலர்வெளிகளும் மெய்மையும்

பூவுக்கு மிக அருகில் கருவியை வைப்பது இப்படங்களின் அடிப்படை. பாதையை விட்டு இறங்கத் தூண்டுவதும் அதுவே. ரெய்னியர் புல்வெளிகள் ஆண்டின் பெரும்பகுதி பனியின் கீழ் இருப்பதால், மிதிபட்ட செடிகள் மீளப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாதையிலேயே நடக்க வேண்டுமெனப் பூங்கா வலியுறுத்துகிறது. கலிபோர்னியாவின் வாக்கர் பள்ளத்தாக்கில் 2019 மார்ச்சில் பூத்த பாப்பி மலர்களைக் காணவும் படமெடுக்கவும் பெருந்திரள் கூடியதால் நுழைவு தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது. 2023 இல் மலர்க்காலத்தின் தொடக்கத்திலேயே அது மூடப்பட்டது. இருளில் காலடி தெரியாது என்பதால், பகலிலேயே பாதையோரப் பூக்களைத் தேர்ந்துகொள்வது பாதுகாப்பானது.

அசையாத முக்காலியில் ஒரே மாலையில் எடுத்த படங்களை இணைப்பது, அவ்விடத்தில் நின்றவர் கண்டவற்றையே காட்டுகிறது. வேறிடத்து வானத்தை ஒட்டுவது அவ்வாறன்று. பார்வையாளரால் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது. ஆதலால் படம் இணைக்கப்பட்டது என்பதையும் இணைத்த முறையையும் படவிளக்கத்தில் குறிப்பிடுவது நேர்மையான வழக்கமாகும்.

இவற்றையும் பார்க்க

புல ஆழம்
அண்மை ஒளிப்படவியல்
பால் வழி
ஒளி மாசு