சக்கரத்தின் சாட்சி

பாலக்காட்டில் அலுவல் பார்த்துவரும் நாம், சில ஆண்டுகளுக்கு முன் பூப்பாறையில் ஓர் ஏலத்தோட்டக்காரரிடமிருந்து பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கினோம். போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டையூசி வளைவுகளையும் இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி வழியாக அதை ஓட்டிவந்தோம். ஊர் சேர்ந்தபோது ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கொன்று அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பட்டறையில் காட்டினோம். முன்சக்கரத்தின் வேகத்தை அறியும் சென்சார் பழுதாகிவிட்டது என்றார் முதிய மெக்கானிக். அருகில் நின்ற வேறொருவர், "அந்தப் பல்பைக் கழற்றிவிடுங்கள் சார்; பிரேக்தான் பிடிக்கிறதே!" என்றார்.

அவர் கூறியதில் பாதி உண்மை இருந்தது. சென்சார் பழுதானாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். எஞ்சிய பாதி விளங்க வேண்டுமானால், அச்சிறு கருவி எதற்காகத் தோன்றியது என்னும் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஒன்றை ஓட்டத் தொடங்கினார். பின்னர் 1956-இல் மாநில எல்லைகள் மாறின. பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து கேரளத்துக்குச் சென்றது. ஆனால் நம்மவர் சமவெளிக்கும் மலைக்கும் போய்வரும் சாலைகள் அப்படியே இருந்தன. அச்சாலைகளில் அந்நாளில் ஓடிய வண்டிகளில், பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்பதை ஓட்டுநரின் கால் ஒன்றே தீர்மானித்தது. ஈரச் சாலையில் அச்சத்தால் முழுவலிமையோடு மிதித்துவிட்டால், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கும். அப்போது ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மலை வளைவில் இதன் விளைவு யாதென்று கூறவேண்டுவதில்லை.

இத்தொல்லைக்குத் தீர்வு முதலில் விமானத்துறையில் கிடைத்தது. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம், ஈரமான ஓடுதளத்தில் இறங்கும் விமானங்களுக்காக ‘மாக்சரெட்’ என்னும் கருவியைச் செய்தது. 1966-இல் ஜென்சன் என்ற ஆங்கிலேயக் கார் அதனைத் தரையில் பயன்படுத்தியது. அது முழுவதும் இயந்திர அமைப்பாக இருந்தது. 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் அமைத்த ஏ.பி.எஸ்., மெர்சிடிஸ் கார்களில் இடம்பெற்றது. இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் இஃது இருத்தல் வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஏ.பி.எஸ். அமைப்புக்குக் கண்ணாக விளங்குவது சென்சார். சக்கரத்தோடு சேர்ந்து பல்வளையம் ஒன்று சுழல்கிறது. பழைய வகைக் கருவியில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. ஒவ்வொரு பல்லும் கடந்து செல்லும்போது சிறு மின்துடிப்பு எழுகிறது. 1831-இல் பாரடே கண்டறிந்த தத்துவமே இது. புதிய வகைகள் பலவற்றில் 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவு பயன்படுகிறது. ஒரு சக்கரம் மட்டும் திடீரெனச் சுழற்சி குன்றினால், அமைப்பு அதன் பிரேக்கை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. எனவே சக்கரம் பூட்டிக்கொள்வதில்லை. ஓட்டுநர் திருப்பிய பக்கம் வண்டி திரும்புகிறது. சென்சார் பழுதானால் அமைப்பு ஒதுங்கிக்கொள்கிறது. நாம் 1920-ஆம் ஆண்டின் ஓட்டுநர் நிலைக்கே திரும்பிவிடுகிறோம். மஞ்சள் விளக்கு உரைப்பது இதைத்தான்.

விளக்கை அணைக்காமல், பழுதை நீக்கவே முடிவு செய்தோம். ஆனால் சென்சார் எளிதில் வெளிவரவில்லை. இடுக்கி மலைகளில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. சேறும் நீரும் சக்கரத்தின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. சென்சார் செருகப்பட்ட துளை இரும்பால் ஆயது. கருவியின் உடலோ பெரும்பாலும் பிளாஸ்டிக். இரும்பு துருவேறும்போது, அத்துரு முன்பிருந்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே துளை சுருங்கி, கருவியை நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. பனிக்காலச் சாலைகளில் உப்புத் தூவும் மேனாடுகளிலும் இதே துன்பம் உண்டு.

முதியவர் அவசரப்படவில்லை. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியைத் தாங்கிகளின்மேல் நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றி, வயரின் இணைப்பை விடுவித்து, போல்ட்டை எடுத்தார். துளையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, "நாளைக்கு வாருங்கள்" என்றார். மறுநாள் வயரைப் பிடித்து இழுக்கவில்லை. கருவியின் தலையைப் பற்றி, இடமும் வலமும் மயிரிழை அளவு திருகினார். மீண்டும் எண்ணெய், மீண்டும் திருகல். தீயால் சுடலாமே என்று கேட்டோம். "பக்கத்தில் பேரிங்கின் ரப்பர் இருக்கிறது, அது கருகினால் செலவு பெருகும்" என்று மறுத்தார். இறுதியில் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. அவர் முகம் மாறவில்லை. டிஸ்க்கை எடுத்துவிட்டு, எஞ்சிய துண்டை உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளினார். ஒரு துணுக்கும் பல்வளையத்தில் விழாதபடி துணியால் காத்தார். துளையின் துருவைச் சுரண்டித் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவினார். புதிய சென்சார் சுத்தியல் இன்றி, விரல் அழுத்தத்திலேயே உள்ளே அமர்ந்தது.

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டினோம், விளக்கு அணைந்தது. அவ்வாண்டு ஐப்பசி மழையில், பூப்பாறையில் உறவினர் வீட்டிலிருந்த நம் தாயாரை அழைத்துக்கொண்டு மீண்டும் போடிமெட்டு இறங்கினோம். ஒரு வளைவில் மாடொன்று குறுக்கே வந்தது. பிரேக்கை முழுவதும் மிதித்தோம். காலடியில் படபடவென்று ஓர் அதிர்வு எழுந்தது. வண்டி வழுக்காமல் மாட்டை விட்டு விலகி நின்றது. "என்னப்பா சத்தம்?" என்றார் அம்மா. "ஒன்றுமில்லையம்மா" என்றோம். பல்பைக் கழற்றச் சொன்னவரின் பேச்சு அப்போது நம் நினைவுக்கு வந்தது.