பலாலியும் சென்னையும்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கூறுதல் பூமிசாத்திரியின் பணியன்றோ, வரலாற்று மாணவனுக்கு அதில் என்ன வேலை என வினவுவார் உளர். பலாலி, சென்னை ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டு நோக்கின், தூரம் பூமிசாத்திரத்தின் பாற்பட்டதாயினும், பயண நேரம் வரலாற்றின் பாற்பட்டதே என்பது புலனாகும்.

தூரத்தை நம் மாணவர் தேசப்படத்தைக் கொண்டே கணித்தல் கூடும். பலாலி வட அகலக்கோடு 9 பாகை 47 கலையிலும், சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலையிலும் உள்ளன. நெடுங்கோடு இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் வேறுபாடாகிய 3 பாகை 12 கலையை, கலைக்கு ஒரு கடல்மைலாகக் கொள்ள, 192 கடல்மைல், அஃதாவது 355 கிலோமீற்றர் என விடை கிடைக்கும். இம்முறையாற் கணித்தால் தெற்கே இரத்மலானை 330 கிலோமீற்றர். கொழும்புக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ நடுவில் யாழ்ப்பாணம் அமைந்துள்ளமை, அரசியற் படத்தை மட்டும் பார்த்துப் பழகியோர்க்கு வியப்பளித்தல் கூடும்.

இந்நடுநிலையை முதலிற் பயன்கொண்டது எயர் சிலோன் நிறுவனம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த பலாலித் தளத்தில் இறங்கிச் செல்லுமாறு, 1947 டிசெம்பர் 10இல், அந்நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. இலங்கை சுதந்திரம் பெறுதற்கு அப்போது எட்டு வாரங்கள் இருந்தன. பறந்தது டக்கோட்டா விமானம். அது மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீற்றர் செல்வதாகக் கொண்டால், பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். அக்காலத்தில் இரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் தனுஷ்கோடி கடந்து, மீண்டும் இரயிலிற் செல்வோர்க்கு இது பெரியதொரு விந்தையாகத் தோன்றியிருக்கும்.

எயர் சிலோன் 1970களின் இறுதியில் மறைந்தது. பின்னர் மூண்ட போரில் பலாலி படைத்தளமாயிற்று. 1990இல் அதனைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் வீடுவாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். அதன்பின் சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர், முதலில் தெற்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் சென்று கொழும்பை அடைந்து, கட்டுநாயக்காவிலிருந்து ஏறக்குறைய 650 கிலோமீற்றர் வடக்கே பறக்க வேண்டியதாயிற்று. தாம் புறப்பட்ட ஊரின் அகலக்கோட்டை அவர்கள் வானிலே மீண்டும் கடந்தனர்! ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் கொழும்பை அடைதலே நாட்கணக்கில் எண்ணத்தக்கதாயிற்று. உள்நாட்டு வான்வழியும் அச்சமின்றி இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் மீளவில்லை.

2019 ஒக்ரோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னை விமானம் வந்தது. சில மாதங்களிற் பெருந்தொற்று அதனை நிறுத்த, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று. ஏ.ரி.ஆர். விமானம் டக்கோட்டாவினும் ஏறத்தாழ இருமடங்கு விரைவுடையது. எனினும் ஓடுபாதையில் ஊர்தல், ஏறுதல், இறங்குதல் ஆகியனவும் சேர, நேரசூசியில் இன்றும் ஒரு மணிக்கு மேலேயே குறிக்கப்படுகின்றது. எழுபது ஆண்டுகளில் இயந்திரம் ஈட்டித்தந்தது சில நிமிடங்களே.

2025 மார்ச்சிலே திருச்சிராப்பள்ளிக்கும் சேவை தொடங்கியது. அத்தூரம் ஏறக்குறைய 180 கிலோமீற்றர், சென்னைத் தூரத்திற் பாதியளவே. அந்நகர் மேற்கே விலகியுள்ளமையால் மேற்கூறிய எளிய கணக்கு அங்கே செல்லாது. முக்கோண கணிதம் வேண்டும்.