தாத்தா ஏறிய தெற்குக் கோபுரம்

பி.காம். படிக்கிறவனுக்குக் கோபுரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலிலேயே உயரமான தெற்குக் கோபுரத்தைக் கட்டியது ராஜா இல்லை, சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியார்! ஆண்டு 1559. உயரம் 160 அடிக்கும் மேல். 9 நிலைகள், 1511 சுதைச் சிற்பங்கள். இதன் அழகே அந்த வளைவுதான். நேராகச் சரியாமல், இடுப்பு ஒடுங்கின மாதிரி உள்வாங்கி மேலே போகும். தெற்குச் சித்திரை வீதியில் நின்று அண்ணாந்து பாருங்கள், புரியும்.

இன்று மேலே ஏற அனுமதி இல்லை. என் தாத்தா காலத்தில் விடுவார்களாம். "உள்ளே ஒரே இருட்டுடா. ஒவ்வொரு நிலையிலேயும் வாசல் வழியா வர்ற வெளிச்சம்தான். உச்சிக்குப் போனா காத்து ஆளைத் தள்ளும்" என்பார்.

அங்கிருந்து பார்த்ததை இன்னும் விரல் நீட்டிச் சொல்வார். வடக்கே வைகை. வடகிழக்கே யானைமலை. தென்மேற்கே திருப்பரங்குன்றம். கிழக்கே தெப்பக்குளம். காலுக்குக் கீழே சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள். இதில் வெளி வீதிகள் ஒரு காலத்தில் கோட்டை இருந்த இடம். 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரைப் பெரிதாக்கினார். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கின்றன.

தாத்தா பார்த்ததை நானும் பார்க்க வேண்டும் என்று ஆசை. போன மாதம் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில், நண்பன் வேலை பார்க்கும் லாட்ஜின் மொட்டை மாடிக்குப் போனேன். கோபுரங்கள் தெரிந்தன. தூரத்தில் யானைமலையும் தெரிந்தது. ஆனால் சதுர வீதிகளைக் காணோம். நடுவில் எல்லாம் தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர், விளம்பரப் பலகை. பெரிய கோபுரங்களே இப்படி என்றால் கோயிலுக்குள் இருக்கும் சின்னக் கோபுரங்களைத் தேடத்தான் வேண்டும்.

இதைத் தடுக்கத்தான் 1990-களில் ஓர் அரசாணை வந்தது. கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது. அதாவது சுமார் 30 அடி. படியேறி வந்த மாடிகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நான் நின்றதே அந்த உயரத்துக்கு மேல்! அரசாணைக்கு முந்தின கட்டடமோ, பிந்தினதோ. ஆனாலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒரு மாடி கூட்டினால் வாடகை எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த மாடியால் மறைகிற கோபுரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். சிரித்தார். "கோபுரத்துல இருந்து ஊரைப் பாத்தது எங்க காலம். ஊருல இருந்து கோபுரத்தையாவது நீங்க பாத்துக்கங்கடா" என்றார்.