நூறு வயதான கோளாறுகள்

பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் ஓடும் வாட்டர் கூல்டு சில்லர் 'ஹை பிரஷர்' காட்டி நின்றுவிட்டால், மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் இரண்டு பக்கம் போகும். கண்டென்சர் டியூபுக்குள் உப்புப் படிந்திருக்க வேண்டும், அல்லது கேஸோடு காற்று கலந்திருக்க வேண்டும். எதுவானாலும் பராமரிப்புக் குறைவு என்று எழுதி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். வேறு இரண்டு ஆபத்துகளைத் தவிர்க்க முன்னோர் எடுத்த முடிவுகளோடு கூடவே வந்தவை இவை.

காற்றிலிருந்து தொடங்கலாம். 1920க்கு முன் பெரிய குளிர்பதன இயந்திரங்களில் பெரும்பாலானவை அமோனியாவில் ஓடின. ஐஸ் ஃபேக்டரிக்கும் பீர் ஆலைக்கும் அது ஒத்துவந்தது. ஆனால் உயர் அழுத்தத்தில் அடைபட்ட அந்த நச்சு வாயுவை, நூற்றுக்கணக்கானோர் கூடும் அரங்கின் கீழே வைக்க யாருக்குத் துணிவு வரும்? பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1922இல் அறிமுகப்படுத்திய சென்ட்ரிஃபியூகல் இயந்திரத்தில் டைகுளோரோஎத்திலீன் இருந்தது. அறை வெப்பநிலையில் அது திரவம். அதனால் இயந்திரத்துக்குள் வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தமே நிலவும், கசிவு ஏற்பட்டாலும் கேஸ் பீறிட்டு வெளியே வராது. 1924இல் டெட்ராய்டின் ஹட்சன் கடையும் 1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கும் குளிர்ந்தது இப்படித்தான். ஆனால் கேஸை வெளியே விடாத அந்த வெற்றிடம், கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்று கண்டென்சரில் போய்த் தேங்கும். அது திரவமாக மாறாது, இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். அந்தக் காற்றை வெளியேற்றவே பர்ஜ் யூனிட் என்ற துணைக்கருவி வேண்டியிருந்தது.

உப்பின் கதை தண்ணீர்ப் பஞ்சத்தில் தொடங்குகிறது. தொடக்கத்தில் பல கட்டடங்கள் கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஒருமுறை கண்டென்சர் வழியாக ஓட்டிச் சாக்கடையில் விட்டன. புரூக்ளினில் நிலத்தடி நீர் இறங்கிக் கடல்நீர் உள்ளே புகுந்தது. குளிரூட்ட எடுக்கும் நீரைத் திரும்ப நிலத்துக்குள்ளேயே விட வேண்டும் என்று 1933இல் நியூயார்க் மாநிலம், புரூக்ளின் அடங்கிய லாங் ஐலண்டுக்குச் சட்டம் போட்டது. இதுபோன்ற நெருக்கடிகள் கூலிங் டவரை மொட்டைமாடிகளுக்கு ஏற்றியதில் வியப்பில்லை. அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவதால் மிச்சமாகும் தண்ணீர் ஏராளம். ஆனாலும் டன்னுக்கு மணிக்கு ஏறத்தாழ 7 லிட்டர் ஆவியாகிறது. 500 டன் சில்லர் முழு லோடில் ஓடினால் 3,500 லிட்டர். ஆவியாவது நீர் மட்டுமே, கால்சியம் தொட்டியிலேயே நின்று செறிந்து, சூடான டியூபின் உட்சுவரில் வெள்ளையாகப் படிகிறது. வெதுவெதுப்பான அந்த நீரில் கிருமியும் வளரும். 1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களைத் தாக்கிய லீஜியனேர் நோய்க்குப் பிறகுதான் கூலிங் டவர் நீர் பொதுச் சுகாதாரத்தின் கவலையாகவும் ஆனது.

இந்தப் பழங்கதை தெரிந்தால் டியூப் சுத்தமாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் எந்தக் கதவை முதலில் திறப்பது என்று தெரியும். இயந்திரத்தை நிறுத்தி, வெப்பநிலைகள் அடங்கியதும், கண்டென்சரில் நிற்கும் திரவத்தின் வெப்பநிலையை அளக்க வேண்டும். அழுத்தமானியின் அளவுக்கு உரிய வெப்பநிலை அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் நீர்ப்பக்கம் திரும்பலாம். ஓடும்போது வெளியேறும் நீருக்கும் கண்டென்சிங் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி மாதாமாதம் ஏறிவந்திருந்தால் பிரஷ் போட வேண்டிய காலம் வந்துவிட்டது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஆசிட் ஊற்றிக் கழுவினால் செப்புக் குழாய்தான் தேயும்.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். ஓசோனைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின், குறைந்த அழுத்தத்தில் ஓடிய ஆர்-11 கேஸ் விலகி, பல சில்லர்கள் ஆர்-134ஏவுக்கு மாறின. அதன் அழுத்தம் எப்போதும் வளிமண்டலத்துக்கு மேல், எனவே காற்றுப் பிரச்சினை முடிந்த கதை என்கிறார்கள். ஓடும்போது காற்று புகாது என்பது சரிதான். பழுது பார்த்தபின் வாக்குவம் சரியாகப் போடாவிட்டால் தங்கிய காற்று தங்கியதுதான். மேலும் புவி வெப்பமாதலைக் கருதி இப்போது சில புதிய சில்லர்களில் போடும் ஆர்-1233இசட்டி சுமார் 18 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. ஓடும்போது அவற்றின் எவாப்பரேட்டரில் மறுபடியும் வெற்றிடம், பக்கத்திலேயே மறுபடியும் பர்ஜ் யூனிட்.